ஒரே கோப்பு, ஐந்து நிறம்

தம்பி போன மாதம்தான் தேசிய சேவையை, அதாவது சிங்கப்பூரின் கட்டாய ராணுவச் சேவையை, முடித்துவிட்டு வந்தான். ஆகஸ்டில் பல்கலைக்கழகம். இன்னும் ஒரு வகுப்புக்குக்கூடப் போகவில்லை, வளாகத்துக்குள் எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்றுகூடத் தெரியாது, அதற்குள் அவன் கைப்பேசியில் பதினொரு டெலிகிராம் குழுக்கள் சேர்ந்துவிட்டன. அறிமுக முகாமுக்கு ஒன்று, முகாமுக்குள் அவனுடைய சிறு அணிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, விடுதியில் அவன் மாடிக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, அப்புறம் அந்தத் துறையின் முதலாண்டுக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் புரோட்டாவுக்குக் காத்திருந்தபோது போனை என் பக்கம் திருப்பி, "அக்கா, இதுல எதை மியூட் பண்ணலாம்?" என்று கேட்டான்.

பாடக் குழுக்களை விட்டுவிடு, மற்றதெல்லாம் மியூட், என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. நான்கு வருடம் இந்தக் குழுக்களுக்குள்ளும் கூகல் டாக்குக்குள்ளும் வாழ்ந்துவிட்டு வந்தவள் நான். அங்கே எனக்கு நடந்ததில் ஒன்று ரொம்ப நல்லது, ஒன்று இன்றுவரை உறுத்துவது. இரண்டையும் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை, கதையில் என்னைத் தவிர வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். சிங்கப்பூரில் வீட்டுக்கு வாட்ஸ்அப், படிப்புக்கு டெலிகிராம். திருச்சி அத்தை, கோயில் குழு, அம்மாவின் சமையல் குழு எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும். பல்கலைக்கழகத்தில் காலடி வைத்ததும் எல்லாம் டெலிகிராமுக்கு மாறிவிடும். இதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் 2022 வரைக்கும் 256 பேருக்கு மேல் சேர முடியாது, ஆனால் ஒரு முதலாண்டுப் பாடத்துக்கே நானூறு ஐந்நூறு பேர் பதிந்திருப்பார்கள். டெலிகிராமில் 200,000 பேர் வரை சேரலாம். தொலைபேசி எண்ணைக் காட்டாமல் ஒரு பெயரோடு இருக்கலாம், இது பெண்களுக்குச் சின்ன விஷயமே இல்லை. மூன்றாவது வாரம் பாடம் மாறி வருகிற ஒருவர், குழுவை அமைத்தவர் அனுமதித்திருந்தால், முதல் வாரத்திலிருந்து பேசியதையெல்லாம் மேலே தள்ளிப் படித்துக்கொள்ளலாம். பெரிய கோப்பையும் அப்படியே அனுப்பலாம், வாக்கெடுப்பு வைக்கலாம். ஒரு வகுப்புக்கு வேறென்ன வேண்டும்?

மற்ற தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்டாகிராம் மன்றங்களின் அறிவிப்புப் பலகை, 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டோரியில் நிகழ்ச்சி விளம்பரம் போடுவார்கள். லிங்க்ட்இன் இரண்டாமாண்டு முடிவில் வேலைப்பயிற்சி தேடும்போது எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வரும். பழைய பாடநூலை விற்கக் கெரசல் (அதுவும் என்யுஎஸ், அதாவது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பேர் 2012-ல் தொடங்கியதுதான்). எனக்கு ரொம்பப் பிடித்தது என்யுஎஸ்மாட்ஸ். அந்தப் பல்கலை மாணவர்கள் தங்கள் பாட அட்டவணையைப் போட்டுப் பார்க்கத் தாங்களே எழுதிய தளம், மூல நிரல் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது, ஒரு தலைமுறை பட்டம் வாங்கிப் போனதும் அடுத்தது கையில் எடுத்துக்கொள்கிறது. எந்த வகுப்பு எந்த நேரம் என்று அடுக்கி, அந்த இணைப்பைத் தோழிக்கு அனுப்பி, "புதன் மதியம் எனக்கும் காலி, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்வதற்காக மாணவர்கள் கட்டிய ஒன்று. பல்கலைக்கழக மாணவர்கள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

நான் சேர்ந்தது 2020 ஆகஸ்ட். அந்த வருடம் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்து, அப்போதுதான் மெல்ல வெளியே வந்திருந்தது. முதல் பருவம் முழுக்கப் பெரும்பாலும் ஜூம். கூடப் படிப்பவர்களை எனக்கு முதலில் தெரிந்தது சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான், பாதிப் பேர் கேமராவையும் அணைத்து வைத்திருப்பார்கள். அந்த நாள்களில் டெலிகிராம் குழு மட்டும் இல்லாவிட்டால் நான் படிப்பை விட்டிருப்பேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஒரு இரவு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புள்ளியியல் பாடம், ஐந்தாவது டியூட்டோரியல், மூன்றாவது கேள்வியின் இரண்டாம் பகுதி. மணி ஒன்று இருக்கும். மூன்று மணி நேரமாக உட்கார்ந்தும் விடை வரவில்லை, எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று அழுகை வந்துவிட்டது. அப்போது யாரோ ஒருவர் குழுவில் வாக்கெடுப்பு ஒன்று போட்டார். "3 ஆ யாருக்காவது புரிந்ததா?" இரண்டே தெரிவு: புரிந்தது, புரியவில்லை. யார் எதை அழுத்தினார்கள் என்று தெரியாத வாக்கெடுப்பு. நான் இரண்டாவதை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது, எழுபது, நூற்றுப் பதினைந்து. அந்த நேரத்தில் அத்தனை பேர் விழித்துக்கொண்டு, அதே வரியில், என்னைப் போலவே மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இருபது நிமிடம் கழித்து ஒருவர் கட்டம் போட்ட தாளில் பேனாவால் எழுதிய விடையைப் படம் எடுத்துப் போட்டார். நடுவில் ஒரு வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "இங்கதான் நானும் தப்பு பண்ணேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அடித்திருந்த அந்த வரி அப்படியே என் நோட்டிலும் இருந்தது. விடையைவிட அந்த அடித்த வரிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதே பாடத்துக்குப் பல்கலைக்கழகத் தளத்தில் கேள்வி கேட்க ஒரு பகுதி இருந்தது. ஆசிரியர் தினமும் வந்து பார்ப்பார், நல்ல மனிதர், ஆனால் அங்கே முழுப்பெயர் தெரியும். பருவம் முழுக்க அங்கே நாலைந்து கேள்விதான். தெரியவில்லை என்பதை முழுப்பெயரோடு சொல்ல நம் பிள்ளைகளுக்கு இன்னும் பயம், தொடக்கப்பள்ளியிலிருந்து கூடவே வரும் பயம் அது. டெலிகிராம் குழு அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருந்தது.

இதுவரை நல்லது. இனி உறுத்துவது.

இரண்டாமாண்டு முதல் பருவம், 2021. குழு புராஜெக்ட், ஐந்து பேர். அந்தச் செப்டம்பர் 1 முதல்தான் உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள், முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, மறுபடியும் பிடிபட்டால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். சட்டம் வந்த பிறகு மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டோம். மதிய நேரத்தில் மூன்று நாள் ஒரு உணவங்காடியில் நின்று எண்ணினோம். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் தட்டை எடுத்துப் போனார்கள், துப்புரவு செய்யும் பாட்டி பக்கத்தில் நின்றால் எண்ணிக்கை மாறுகிறதா என்று. நல்ல தலைப்பு. இன்றும் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

அறிக்கை எழுத வழக்கம்போல ஒரு கூகல் டாக். முதல் நாளே பிரித்துக்கொண்டோம், ஆளுக்கு ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு நிறம். எனக்குச் சிவப்பு. ஐந்தாவது ஆளுக்குப் பச்சை. இந்த நிறம் பிரிக்கும் பழக்கம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, தம்பிக்கும் முதல் மாதமே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் நூறு பேர் வரை உட்கார்ந்து எழுதக்கூடிய ஒரு தாளைத் திறந்து, அதை ஐந்து துண்டாகக் கோடு கிழித்து, அவரவர் துண்டில் மட்டும் எழுதி, கடைசி இரவு எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டு அனுப்புவோம். அடுத்தவர் துண்டைப் படிக்க மாட்டோம். படித்தாலும் கை வைக்க மாட்டோம், அது மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம். உண்மையில் அது சோம்பல். நான் என்னைத்தான் சொல்கிறேன்.

பச்சை நிறத்துக்காரி குழுவில் பேசவே மாட்டாள். ஜூம் சந்திப்பு வைத்தால் வருவாள், பத்து நிமிடத்தில் மன்னிக்கணும் என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். அவள் பகுதி கடைசி வரை காலியாகவே கிடந்தது. மூன்றாவது வாரமே நாங்கள் நால்வரும் அவள் இல்லாமல் தனியாக ஒரு குழு தொடங்கினோம். யார் தொடங்கியது என்று இப்போது தெரியவில்லை, ஆனால் நான் மறுக்கவில்லை. அதற்கப்புறம் எல்லா முடிவும் அந்த நால்வர் குழுவில்தான். ஐவர் குழுவில் முடிவை மட்டும் அறிவிப்போம். அவளைப் பற்றிப் புலம்பவும் அந்த இடம் வசதியாக இருந்தது.

சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு 11.40-க்கு நான் ஐவர் குழுவில் எழுதினேன்: "இனிமேல் யாரும் எதையும் மாற்ற வேண்டாம், ப்ளீஸ். இதுதான் இறுதி." பச்சைப் பகுதி காலையில் நிரம்பியிருந்தது, சுமாராக இருந்தது, அவசரமாகக் கறுப்பாக்கி அனுப்பிவிட்டோம்.

மதிப்பெண் குறைவாக வந்தது. இரண்டாம் பகுதியில் மொத்தம் 240 பேரை எண்ணியதாக எழுதியிருந்தோம். நான்காம் பகுதியில், அதாவது என் பகுதியில், 204. நான் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டு, அதை வைத்தே விழுக்காட்டையெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: உங்கள் ஐவரில் ஒருவராவது இதை முதலிலிருந்து கடைசி வரை படித்தீர்களா?

அப்புறம் சக மாணவர் மதிப்பீடு வந்தது. குழுவில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று ஒருவருக்கொருவர் ரகசியமாகப் புள்ளி போடுவது. நாங்கள் நால்வரும் பேசி வைத்துக்கொண்டு அவளுக்கு ஐந்துக்கு இரண்டு போட்டோம்.

நான்கைந்து மாதம் கழித்து, வேறொரு பாடத்துக்கு அந்தப் பழைய அட்டவணை தேவைப்பட்டு அதே கோப்பைத் திறந்தேன். நீக்கிய அட்டவணை ஒன்றைத் தேடத்தான் பதிப்பு வரலாற்றுக்குப் போனேன். தெரியாதவர்களுக்கு: கூகல் டாக் யார் எப்போது என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்பதையெல்லாம் வைத்திருக்கும், வலது பக்கத்தில் தேதியும் நேரமும் பெயரும் வரிசையாக வரும். சமர்ப்பித்த நாள் விடியற்காலை 4.12. அவள் பெயர். அழுத்தினேன். என் பகுதிக்குக் கீழே, ஆங்கிலத்தில், இப்படி எழுதியிருந்தாள்: "மன்னிக்கணும், பகுதி இரண்டில் 240 என்று இருக்கிறது, இங்கே 204. எண்ணும் தாள் என்னிடம் இருக்கிறது, அதில் 240. விழுக்காடு எல்லாம் மாறும். நான் திருத்தட்டுமா?" 4.15-க்கு அது அழிக்கப்பட்டிருந்தது. 4.21-க்கு இன்னும் சின்னதாக, "240 அல்லவா?" அதுவும் அழிந்திருந்தது. அப்புறம் அவள் கீழே போய்த் தன் பச்சைப் பகுதியை எழுதத் தொடங்கியிருக்கிறாள், ஆறு மணி வரை.

யாரும் எதையும் மாற்ற வேண்டாம் என்று நான் எழுதி நாலரை மணி நேரம்தான் ஆகியிருந்தது அப்போது.

ஐந்து பேரில் அறிக்கையை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் இரண்டு புள்ளி. நான் அவளுக்குத் தனியாக எழுதினேன், மன்னிப்புக் கேட்டேன். அன்று அவள் அம்மா மருத்துவமனையில் இருந்திருக்கிறார், இரவெல்லாம் இவள்தான் துணை, பகலில் தூங்கி விடியற்காலையில் எழுதியிருக்கிறாள். "நீங்கள் நாலு பேரும் தனியாகப் பேசிக்கொள்கிறீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கத் தயக்கமாக இருந்தது" என்று பதில் வந்தது. கோபமே இல்லாமல் எழுதியிருந்தாள். அம்மா இப்போது நலம் என்றும் எழுதியிருந்தாள். நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

அந்த ஒரு அனுபவத்தை வைத்து, கூட்டாக எழுதும் கருவி எல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்டியிருப்பேன். அடுத்த வருடம் தமிழ் மன்றத்தில் சேராமல் இருந்திருந்தால்.

இங்கே பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர்களுக்கு மன்றமோ பேரவையோ இருக்கும், வளர்தமிழ் இயக்கம் ஒருங்கிணைக்கும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் இந்த மன்றங்களும் நிகழ்ச்சி படைக்கும். நாங்கள் ஒரு மேடை நாடகம் போட்டோம். தோ பாயோவில் ஒரு வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு), ஒரு பாட்டி, ஒரு பேத்தி. எழுதப் பன்னிரண்டு பேர். பொறியியல், தாதிமை, கணினி, சட்டம் என்று எல்லாத் துறையும். சிலர் உயர்நிலை வரை உயர்தமிழ் எடுத்தவர்கள், சிலர் படிக்கத் தெரிந்தும் எழுதக் கை வராதவர்கள். அதற்கும் ஒரு கூகல் டாக் திறந்தோம். இந்த முறை யாரும் நிறம் பிரிக்கவில்லை. திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஒரு காட்சியை ஒருவர் தனியாக முடிக்கிற அளவுக்கு யாருக்கும் தமிழ் போதவில்லை என்பதுதான் காரணம்.

எழுதும் விதமே ஆளுக்கு ஒன்று. மன்றத் தலைவர் அண்ணா தமிழ்99 விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். நான் 'அம்மா' என்று வர ஆங்கில எழுத்தை அடிக்கிற ரகம். தாதிமை படித்த ஒரு அக்கா கைப்பேசியில் பேசியே எழுதுவார், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு தம்பிகள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், வேறு யாராவது வந்து அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது பரிந்துரை முறையில் மாற்றுவோம், அப்போது பழையது கோடு விழுந்து பக்கத்திலேயே தெரியும். அந்தத் தம்பிகளில் ஒருவன் பிப்ரவரியில் 'வாளைப்பளம்' என்று முதல்முறையாகத் தமிழ் எழுத்தில் அடித்தான். யாரும் கிண்டல் செய்யவில்லை. மேலே ஒரு பரிந்துரை, வாழைப்பழம். அவன் ஏற்றுக்கொண்டான். அடுத்த பக்கத்தில் 'பழைய' என்பதை அவனே சரியாக எழுதியிருந்தான்.

இந்த வசதி தானாக வந்ததில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 1995-லேயே சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் இருந்தது, அதற்குப் பின்னால் நின்றவர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. முதல் தமிழ் இணைய மாநாடு 1997-ல் இங்கேதான் நடந்தது, அதிலும் அவர் பங்கு பெரியது. 1999-ல் அவர் மறைந்துவிட்டார், வயது ஐம்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் என்ற செயலி வந்தபோது, 2005 பொங்கலுக்கு, அதை முதலில் வெளியிட்டதும் சிங்கப்பூரில்தான். அண்ணா இதையெல்லாம் ஒரு நாள் குழுவில் எழுதினார். அதைப் படித்த பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்கு எனக்கே கூச்சமாகிவிட்டது.

சரி, அந்தக் கோப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் காட்சியில் பாட்டி பேத்தியிடம் கதவை மூடச் சொல்கிறார். நான் 'கதவை மூடு' என்று எழுதியிருந்தேன். அதன்மேல் ஒரு கருத்து விழுந்தது: "பாட்டி 'மூடு'ன்னு சொல்வாங்களா? எங்க பாட்டி 'கதவைச் சாத்து'ன்னுதான் சொல்வாங்க." அவர்கள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். அதற்குக் கீழே இன்னொருத்தி: "எங்க வீட்டுல 'அடை'." அவர்கள் தென்காசி. யாழ்ப்பாணத்துப் பாட்டி உள்ள ஒருவன் வந்து, "எங்க அம்மம்மா 'பூட்டு' என்பார், பூட்டுப் போடாவிட்டாலும்" என்றான். அப்படியே முப்பத்தோரு கருத்து, ஒரே ஒரு சொல்லுக்கு. நடுவில் ஒருத்தி தன் பாட்டியிடமே போய், எதையும் சொல்லாமல் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அவர் கத்துவதைப் பதிவு செய்து டெலிகிராம் குழுவில் போட்டாள். ஏழு விநாடி. "ஏய், கதவச் சாத்துடி, கொசு வருது!" பின்னணியில் ஒலி 96.8 வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

'சாத்து' நாடகத்துக்குப் போனது. 'கொசு வருது' என்பதும் போனது. அந்த வரிக்கு அரங்கம் சிரித்ததைவிட எனக்கு முக்கியம், அந்த இரவு பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் போய்ப் பாட்டிகளின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பது. யாருடைய குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதே எங்களுக்கு அந்தக் கருத்துப் பெட்டியில்தான் தெரிந்தது.

கருவி அதேதான், ஆளும் அதே நான்தான். எங்கே வித்தியாசம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். மதிப்பெண் இருந்ததா இல்லையா என்பது ஒரு காரணம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. நாடகத்தை வாரம் ஒரு முறை குழு அழைப்பில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தோம், முதல் வரியிலிருந்து. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பார். படிக்கும்போது நாக்குத் தடுக்குகிற இடத்தில் எல்லோரும் நிறுத்தித் திருத்துவோம். தட்டு அறிக்கையை அப்படி ஒரே ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால் 204 என்று வருகிற இடத்தில் யாராவது நிறுத்தியிருப்பார்கள். அவள் நிறுத்தியிருப்பாள்.

மூன்றாமாண்டு நடுவில், 2022 நவம்பர் கடைசியில், சாட்ஜிபிடி வந்தது. அதற்கப்புறம் குழு புராஜெக்டின் கோப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. பதிப்பு வரலாற்றைத் திறந்தால் 9.03-க்கு வெற்றுப் பக்கம், 9.04-க்கு ஒன்றரைப் பக்கம் முழுதாக உட்கார்ந்திருக்கும், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பயன்படுத்துவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை, ஒவ்வொரு பாடத்திலும் எதுவரை பயன்படுத்தலாம் என்று சொல்லிவிடுவார்கள், அதைக் கேட்டு நடந்தால் போதும். ஆனால் அப்படி ஒட்டிய பகுதிக்கு யாரும் கருத்து எழுதுவதில்லை. எழுதியவருக்கே அதில் பிடிப்பு இல்லாதபோது, கேட்டால் என்ன பதில் வரும்? வாளைப்பளம் என்று எழுதியவனோடு நான் பேச முடியும்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே காப்பிக்கடையில் தம்பியிடம் சொன்னேன். கூடவே இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. டெலிகிராம் குழுவில் பேசுவது வீட்டுக்குள் பேசுவது மாதிரித் தோன்றும், ஆனால் இருநூறு பேரில் ஒருவர் திரையைப் படம் எடுத்தால் முடிந்தது. அதுவும் ஒருவருடைய பெயர், எண், முகவரியை அவரைத் துன்புறுத்துவதற்காக வெளியே போடுவது இங்கே 2020 ஜனவரி முதல் குற்றம், கோபத்தில் செய்தேன் என்றாலும் குற்றம்தான். அப்புறம், இணையத்தில் நடக்கும் தேர்வின்போது குழுவில் யாராவது விடையைப் போட்டால், பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதே, உடனே வெளியேறு. நல்ல பிள்ளைகள் அப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்லப் புரோட்டா ஆறிவிட்டது. பச்சை நிறத்துக் கதையை அவனிடம் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துத் தன் அறிமுக முகாமின் சிறு அணிக் குழுவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனான். பதினான்கு பேர். எல்லோரும் பெயர், பள்ளி, பிடித்த சாப்பாடு என்று எழுதியிருந்தார்கள், ஒருவனைத் தவிர. இரண்டு வாரமாக அந்த ஒருவன் எதுவும் எழுதவில்லை. அவனைக் குறித்து வேறொருவர் "இவன் வருவானா மாட்டானா" என்று கேட்டிருந்தார், அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள்.

தம்பி அவனுக்குத் தனியாக எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். பெயரைச் சொல்லி, அதே அணிதான் என்று சொல்லி, முகாமின் முதல் நாள் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சேர்ந்து போகலாமா, எனக்கும் வழி தெரியாது, என்று எழுதியிருந்தான். நாங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டு டிக் விழுந்திருந்தது, அதாவது படித்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.